லிஃப்ட் செய்த பிக்கப்போடு ஜெர்மனியில் குடியேறுவது

முதலில் ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வண்டியின் முன்னால் போய் நில்லுங்கள். சமதளமான இடமாக இருக்கட்டும், டயரில் சரியான காற்று இருக்கட்டும். தரையிலிருந்து ஹெட்லைட்டில் ஒளி வெளிவரும் பகுதியின் மேல் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இறக்கிய வெளிச்சத்துக்கு, அதாவது டிம் லைட்டுக்கு, ஐரோப்பிய விதி அனுமதிக்கும் உச்ச உயரம் 120 சென்டிமீட்டர். உங்கள் எண் அதைத் தாண்டினால், லிஃப்ட் கிட்டை எவ்வளவு விலை கொடுத்துப் போட்டிருந்தாலும் ஆய்வில் வண்டி நிற்கும்.

இந்த ஒரு அளவைக் கப்பலேற்றும் முன் எடுப்பவர் ஊரில் இருக்கும்போதே, தெரிந்த மெக்கானிக்கை வைத்து, நிதானமாக வண்டியை இறக்கிக்கொள்வார். பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில் வண்டி வந்து நின்றபின் எடுப்பவர் தினசரி வாடகை கொடுத்துக்கொண்டே பாகம் தேட வேண்டியிருக்கும்.

ஃபோர்டு எஃப்-150, ராம் 1500, செவ்ரோலே சில்வராடோ போன்ற வண்டியை அமெரிக்காவில் ஆசையாக மாற்றியமைத்து ஓட்டியவர், வேலை மாறி ஜெர்மனிக்குக் குடிபோகும்போது என்ன செய்ய வேண்டும் என்பதே இந்த அத்தியாயம். இடமாற்றத்துக்கான சுங்கச் சலுகை ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் பொது. வண்டி ஆய்வு அப்படியல்ல, நாட்டுக்கு நாடு மாறும். நெதர்லாந்துக்கும் பிரான்ஸுக்கும் தனித்தனி அலுவலகம், தனித்தனி வழக்கம். ஸ்விட்சர்லாந்து ஒன்றியத்திலேயே இல்லை. ஆகவே இங்கே சொல்வதை ஜெர்மனிக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் முடிவு: இந்த வண்டி போகத் தகுந்ததா?

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வண்டியும் சுமையும் ஆட்களும் சேர்ந்த அதிகபட்ச எடை அதில் பவுண்டில் அச்சாகியிருக்கும். அதை 0.4536 ஆல் பெருக்கினால் கிலோ.

ஐரோப்பாவில் சாதாரண கார் உரிமம் 3,500 கிலோ வரைதான். எஃப்-150, ராம் 1500 வகையின் பெரும்பாலான வடிவங்கள் இந்த எல்லைக்குள் வந்துவிடும். எஃப்-250, ராம் 2500 போன்றவை 10,000 பவுண்டு, அதாவது சுமார் 4,536 கிலோ. அவற்றை ஓட்ட அடுத்த நிலை லாரி உரிமம் வேண்டும். நெடுஞ்சாலையில் லாரிக்கான வேக வரம்பும் பொருந்தும். காகிதத்தில் எடையை 3,500 கிலோவாகக் குறைத்துப் பதிவு செய்யும் வழி ஜெர்மனியில் உண்டு. ஆனால் வெறும் வண்டியே 3,000 கிலோ இருந்தால், குடும்பமும் பெட்டிகளும் ஏறியபின் மிஞ்சும் சுமைத்திறன் கொஞ்சம்தான். கனரக பிக்கப்பை வைத்திருப்பவருக்கு என் யோசனை: விற்றுவிட்டுப் போங்கள். அதைக் கொண்டுபோய் நிம்மதியாக ஓட்டுவது கடினம்.

டீசல் வண்டியில் புகை வடிகட்டியைக் கழற்றி, கம்ப்யூட்டரை மாற்றி எழுதியிருந்தால் அதையும் கொண்டுபோகாதீர்கள். அது அமெரிக்காவிலேயே சட்டவிரோதம். எல்லாவற்றையும் கம்பெனி நிலைக்குத் திருப்பும் செலவு பெரும்பாலும் வண்டியின் மதிப்புக்கு ஒத்துவராது.

சுங்கம்: 6 மாதம், 12 மாதம், மறுபடி 12 மாதம்

குடிபெயர்வோர் தம் சொந்தப் பொருளை வரியின்றிக் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறை ஒன்று இடம் தருகிறது. நிபந்தனைகள் இவை:

1. நீங்கள் ஒன்றியத்துக்கு வெளியே தொடர்ந்து குறைந்தது 12 மாதம் வசித்திருக்க வேண்டும்.
2. வண்டி உங்கள் கைவசம் குறைந்தது 6 மாதம் இருந்து, நீங்கள் அதை ஓட்டியிருக்க வேண்டும்.
3. ஜெர்மனியில் குடியேறிய 12 மாதத்துக்குள் வண்டி உள்ளே வர வேண்டும்.
4. வந்தபின் 12 மாதம் விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, அடகு வைக்கக் கூடாது, இரவல் கொடுக்கவும் கூடாது.

நான்காவதில்தான் பலர் தெரியாமல் சிக்குகிறார்கள். வீடு மாறும் நண்பருக்கு ஒரு வாரம் வண்டியைக் கொடுத்து உதவுவதும் இரவல்தான். சுங்கத்துக்குச் சொல்லாமல் செய்தால் விட்டுக்கொடுத்த வரியைத் திருப்பிக் கேட்பார்கள்.

எவ்வளவு வரி? பயணிகள் காருக்கு 10 சதவீதம் என்பது நீண்டகால விகிதம். பெரிய பெட்ரோல் எஞ்சின் கொண்ட சரக்கு வண்டிக்கு 22. இரண்டின் மேலும் 19 சதவீத இறக்குமதி விற்பனை வரி ஏறும். வண்டி மதிப்பும் கப்பல் கூலியும் சேர்த்து 40,000 யூரோ என்று வையுங்கள். காராகக் கணக்கிட்டால் 4,000 சுங்கம், 44,000 மீது 8,360 விற்பனை வரி, ஆக 12,360 யூரோ. சரக்கு வண்டியாகக் கணக்கிட்டால் மொத்தம் 18,072 யூரோ. இரட்டை கேபின் பிக்கப் எந்தப் பக்கம் சேரும் என்பதில் பின் தொட்டியின் நீளம், முன் பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரத்தில் பாதியைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். அமெரிக்கப் பொருள்கள் மீதான சுங்க விகிதம் வர்த்தகப் பேச்சுகளுக்கேற்ப மாறக்கூடியது. பயணத்துக்கு முன் சுங்க அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இந்தத் தொகை முழுவதையும் மிச்சப்படுத்தும் சலுகை அது. ஒரு தேதி தவறினால் முழுவதும் போய்விடும்.

*கவனிக்க:* வணிக வாகனத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. பிக்கப் என்றவுடன் அதிகாரிக்கு அந்தச் சந்தேகம் வருவது இயல்பு. வண்டி உங்கள் பெயரில் இருக்கட்டும், உங்கள் கம்பெனியின் பெயரில் வேண்டாம். கதவில் கடைப் பெயர் எழுதியிருந்தால் அழித்துவிடுங்கள். சொந்த உபயோகக் காப்பீட்டுக் காகிதத்தைக் கோப்பில் வையுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காகிதம்

டெக்சாஸில் லிஃப்ட் கிட் போட்ட மெக்கானிக் நன்றாகச் செய்திருக்கலாம். ஜெர்மன் ஆய்வாளரின் கேள்வி அதுவல்ல. 'இந்தப் பாகத்தை இந்த மாடலில் போடலாம் என்று யார் சோதித்துக் கையெழுத்திட்டது?' என்று கேட்பார். நம்மூரில் எஃப்.சி. காட்டப் போகும் லாரிக்காரருக்கு இந்த மனநிலை புரியும். ஆனால் இங்கே பேச்சால் ஆகக்கூடியது எதுவும் இல்லை.

ஆகவே வண்டியைச் சுற்றி வந்து, கம்பெனி போட்டதல்லாத ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் வட்டத்துக்குள் 'இ' எழுத்தும் அருகே ஒரு நாட்டு எண்ணும் பொறித்திருக்கிறதா என்று தேடுங்கள். ஜெர்மனிக்கு 1, பிரான்ஸுக்கு 2, இத்தாலிக்கு 3, நெதர்லாந்துக்கு 4. இதை இ-முத்திரை என்று சொல்வோம். முத்திரை இல்லையென்றால், அந்த மாடலுக்கான ஜெர்மன் பாகச் சோதனை அறிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாததைக் கழற்றுவதாகவே திட்டமிடுங்கள்.

அடுத்த வேலைதான் இந்த அத்தியாயத்திலேயே முக்கியமானது. நீங்கள் குடியேறப் போகும் ஊரில், கையெழுத்திடப் போகும் பொறியாளரை முன்கூட்டியே பிடியுங்கள். டூஃப், டெக்ரா போன்ற அமைப்புகளின் ஆய்வு நிலையங்கள் எல்லாப் பெரிய ஊர்களிலும் உண்டு. ஐரோப்பிய அனுமதிச் சான்று இல்லாத வண்டிக்கு அவர்கள் தருவதை 'ஃபோல்குட்டாக்டன்' என்பார்கள். முழு ஆய்வறிக்கை என்று பொருள். அமெரிக்க வண்டிகளைப் பார்த்துப் பழகிய பொறியாளர் ஒருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். வண்டியின் நான்கு பக்கப் படங்கள், கதவுத் தூண் ஸ்டிக்கர், பானட்டின் அடியில் உள்ள புகை அளவு லேபிள், மாற்றங்களின் பட்டியல் ஆகியவற்றை அனுப்புங்கள். எதை ஏற்பார், எதை ஏற்கமாட்டார் என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரு பொறியாளர் ஏற்பதை இன்னொருவர் ஏற்காமல் போகலாம். உங்களுக்கு வேண்டியது கையெழுத்திடப் போகிறவரின் பதில் மட்டுமே.

*தவறான முன்னுதாரணம்:* ராம்ஸ்டைன் விமானதளத்தை ஒட்டிய கைசர்ஸ்லாட்டர்ன் பகுதியில் ஏகப்பட்ட அமெரிக்க பிக்கப்புகள் ஓடுகின்றன, சில நன்றாக லிஃப்ட் செய்தவை. அவற்றில் பல அமெரிக்கப் படையினருக்கான தனிப் பதிவு முறையில் ஓடுபவை. அந்த வழி உங்களுக்குத் திறக்காது. ஆனால் அப்பகுதியின் ஒர்க்‌ஷாப்புகளுக்கு அமெரிக்க வண்டிகள் அத்துப்படி. அந்த அனுபவத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் கழற்ற வேண்டியவை: முத்திரையில்லாத எல்.ஈ.டி. லைட் பார், வண்டிக்கடியில் எரியும் வண்ண விளக்குகள், கறுப்புப் பூச்சு பூசிய பின் விளக்கு மூடிகள், கூர்முனை கொண்ட இரும்பு பம்பர், ரயில் ஹார்ன், அடைப்பில்லாத நேர்க்குழாய் சைலன்ஸர், முன் கண்ணாடியிலும் முன் கதவுக் கண்ணாடிகளிலும் ஒட்டிய கறுப்பு ஃபிலிம். பின்பக்கக் கண்ணாடிகளில் ஃபிலிம் இருக்கலாம், அதற்கும் அனுமதி எண் வேண்டும்.

பானட்டின் அடியில் உள்ள புகை அளவு லேபிளைப் பத்திரமாக வையுங்கள். பெயின்ட் அடிக்கும்போது உரித்துவிடுவார்கள். உங்கள் எஞ்சின் எந்த ஐரோப்பிய புகைத் தரத்துக்கு இணை என்று முடிவு செய்ய ஆய்வாளருக்குக் கையில் கிடைக்கும் முதல் ஆதாரம் அதுதான். நகரங்களின் சுற்றுச்சூழல் வளையத்துக்குள் நுழையத் தேவையான பச்சை ஸ்டிக்கரும் அந்த முடிவைப் பொறுத்தது.

லிஃப்ட், டயர், ஸ்பீடோமீட்டர்

பெரிய டயர் போட்டவர்கள் மறந்துவிடும் ஒரு கணக்கு உண்டு. எஃப்-150இல் பரவலாக வரும் 275/65 ஆர்18 டயரின் விட்டம் சுமார் 32.1 அங்குலம். 35 அங்குல டயர் போட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் 9 சதவீதம் அதிகத் தூரம் போகும். மீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 109இல் ஓடும். ஐரோப்பிய விதியில் ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. மீட்டரைப் புதிய டயருக்கு ஏற்பத் திருத்தி, திருத்தியதற்கான ரசீதை வையுங்கள். மீட்டர் கிலோமீட்டரில் காட்டவும் வேண்டும். புதிய வண்டிகளில் அது ஒரு மெனுத் தேர்வுதான்.

டயரிலும் இ-முத்திரை வேண்டும். ஒரே பிராண்டின் ஒரே மாடலில்கூட சில அளவுகளில் முத்திரை இருக்கும், சிலவற்றில் இருக்காது. பக்கச் சுவரைப் பார்த்தால்தான் தெரியும். டயரின் தரையில் படும் பகுதி மட்கார்டுக்கு வெளியே நீட்டக் கூடாது. ஸ்பேசர் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளியிருந்தால் கழற்றுங்கள். அலாய் வீலுக்குச் சுமைத்திறன் சான்று கேட்பார்கள். கம்பெனி வீல்களை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், பின் தொட்டியில் போட்டே அனுப்பும் வழி இருந்தால் இன்னும் நல்லது.

என் துணிந்த யோசனை: லிஃப்ட்டைக் கழற்றிக் கம்பெனி உயரத்திலேயே அனுப்புங்கள். உயரம் வேண்டுமென்றால், ஜெர்மன் சோதனை அறிக்கையோடு விற்கப்படும் கிட்டை அங்கே வாங்கிப் போட்டு, தனியாகப் பதிவு செய்யலாம். முதல் ஆய்வில் எல்லாம் கம்பெனிப் பாகமாக இருந்தால் பேச்சு குறையும்.

வண்டியை நீங்களே இறக்குவதானால்:

1. கான்கிரீட் தரையில், பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்குங்கள். பிரேமின் அடியில் ஜாக் ஸ்டாண்டு இரண்டு வைத்தபின்தான் அடியில் கை போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் படுக்காதீர்கள்.
2. முன்பக்க ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங் அழுத்திய நிலையில் இருக்கிறது. ஸ்பிரிங் கம்ப்ரெஸரை மாட்டி இறுக்கும் முன் மேல் நடு நட்டைத் தொடாதீர்கள். அது அவிழ்ந்தால் ஆளைக் கொல்லும் வேகத்தில் தெறிக்கும். கம்ப்ரெஸர் இல்லையென்றால் முழு ஸ்ட்ரட்டைக் கழற்றி ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். இந்த ஒரு வேலையில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.
3. லிஃப்ட்டுக்காக நீளமாக்கிய பிரேக் ஹோஸ்களையும் பழைய அளவுக்கு மாற்றுங்கள். நீளமான ஹோஸ் தாழ்ந்த வண்டியில் டயரில் உரசும். ஹோஸைக் கழற்றினால் பிரேக்கில் காற்று எடுத்தே ஆக வேண்டும்.
4. கன்ட்ரோல் ஆர்ம் போல்ட்டுகளின் கடைசி இறுக்கத்தை வண்டி சக்கரத்தில் நிற்கும்போது கொடுங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.
5. வீல் அலைன்மென்ட் செய்து, அச்சிட்ட தாளை வாங்கிக்கொள்ளுங்கள்.
6. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டியபின் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி சோதியுங்கள்.

விளக்குகள்: அதிக வேலை இங்கேதான்

அமெரிக்க பிக்கப்புகள் பலவற்றில் பின்பக்கம் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே சிவப்பு விளக்கு. ஐரோப்பாவில் இண்டிகேட்டர் மஞ்சளாக இருக்க வேண்டும், பிரேக் விளக்கிலிருந்து தனியாக மின்ன வேண்டும். முன்பக்கத்தில் இதற்கு நேர்மாறான சிக்கல்: நிறுத்தும்போது எரியும் மஞ்சள் பார்க்கிங் விளக்கு இங்கே வெள்ளையாக இருக்க வேண்டும். பின்பக்க ஃபாக் லைட் அமெரிக்க வண்டியில் இருக்காது, இங்கே கட்டாயம். பக்கவாட்டு இண்டிகேட்டரும் கட்டாயம்.

ஹெட்லைட்டைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. 'ஜெர்மனியிலும் வலப்பக்கம்தானே ஓட்டுகிறார்கள், அதே ஹெட்லைட் போதும்' என்பார்கள். பக்கம் ஒன்றுதான். ஆனால் எதிரே வருபவர் கண்ணில் எவ்வளவு வெளிச்சம் படலாம் என்ற கணக்கு இரு நாடுகளிலும் வேறு. இ-முத்திரை கொண்ட ஹெட்லைட் அந்த மாடலுக்குக் கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ஜீப் கிளாடியேட்டர் ஐரோப்பாவில் அதிகாரபூர்வமாக விற்கப்பட்டது, அதற்கு எளிதில் கிடைக்கும். மற்றவற்றுக்கு உங்கள் பொறியாளர் ஒளி அளவீட்டு அறிக்கையை ஏற்பாரா என்று கேளுங்கள். சுமைக்கேற்ப ஹெட்லைட்டை ஏற்றி இறக்கும் வசதியும் வேண்டும். ஹாலஜன் ஹெட்லைட்டுக்குள் சந்தையில் வாங்கிய எல்.ஈ.டி. பல்பைச் சொருகியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

பின்பக்க வேலையைப் பெரும்பாலோர் தாங்களே செய்யலாம். வரிசை இது:

1. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஏர்பேக் வயர்கள் மஞ்சள் உறையில் ஓடும், அவற்றின் அருகே டெஸ்ட் லேம்ப் வைக்கவே வேண்டாம்.
2. இ-முத்திரையுள்ள மஞ்சள் இண்டிகேட்டர் இரண்டு வாங்குங்கள். தரையிலிருந்து 35 சென்டிமீட்டருக்கு மேலும் 150க்குக் கீழும் வரும்படி, வண்டியின் வெளி விளிம்பிலிருந்து 40 சென்டிமீட்டருக்குள் பொருத்துங்கள். வெட்டும் முன் காகித மாதிரி ஒட்டி அளந்து பாருங்கள்.
3. பிரேக்கும் இண்டிகேட்டரும் கலந்த சிக்னலைப் பிரிக்கும் மாட்யூல் ஒன்றைப் பின் விளக்கு வயரிங்கில் சேருங்கள். பழைய சிவப்பு விளக்கு இனி பிரேக்குக்கு மட்டும் எரிய வேண்டும், மின்னக் கூடாது.
4. பின் ஃபாக் லைட் ஒன்று போதும். ஒன்று மட்டும் போட்டால் நடுவிலோ இடப்பக்கமோ இருக்க வேண்டும். உயரம் 25 முதல் 100 சென்டிமீட்டர். பிரேக் விளக்கிலிருந்து 10 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளியிருக்க வேண்டும்.
5. ஃபாக் லைட்டுக்குத் தனி ஃபியூஸ், தனி ரிலே கொடுங்கள். ஹெட்லைட் எரியாதபோது அது எரியக் கூடாது. டாஷ்போர்டில் மஞ்சள் அறிகுறி விளக்கு வேண்டும்.
6. வயர்களைச் சுருங்கும் ட்யூபில் மூடி, பிரேமின் உட்பக்கமாகக் கட்டுங்கள். சைலன்ஸர் குழாயிலிருந்து ஒரு சாண் தூரமாவது விலகியிருக்கட்டும்.
7. ஒருவரைப் பின்னால் நிறுத்தி, பிரேக், இடது, வலது, ஹசார்ட், ரிவர்ஸ், ஃபாக் என்று ஒவ்வொன்றாகவும், பிறகு பிரேக்கையும் இண்டிகேட்டரையும் சேர்த்தும் சோதியுங்கள்.

நாலாவது படியில் பலர் தவறுவது, இரவு அலங்காரத்துக்குச் செய்வதுபோல ஃபாக் லைட்டைப் பின் விளக்குக்குள்ளேயே சொருகுவது. 10 சென்டிமீட்டர் இடைவெளி இல்லாவிட்டால் மூடுபனியில் பின்னால் வருபவருக்கு நீங்கள் பிரேக் போடுவது தெரியாது. காரணம் உண்மையானது, ஆய்வுக்காக மட்டுமல்ல.

பின்பக்க இழுவைக் கொக்கியையும் இப்போதே பாருங்கள். அமெரிக்கப் பந்து 2 அங்குலம், அதாவது 50.8 மில்லிமீட்டர். ஐரோப்பியப் பந்து 50. வித்தியாசம் தலைமுடி அளவுதான், ஆனாலும் பொருத்திவிடக் கூடாது. முத்திரையுள்ள ஐரோப்பியக் கொக்கியும் 13 முனை சாக்கெட்டும் போடுங்கள்.

கப்பல்

உயரமான வண்டிக்கு இரண்டு வழி. ஓட்டி ஏற்றும் ரோ-ரோ கப்பலில் கன அளவுக்குக் கூலி. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் லைட் பார், ஏணி எல்லாவற்றுக்கும் பணம் கட்டுவீர்கள். கன்டெய்னரில் அனுப்பினால் வாசலை அளவிடுங்கள்: அகலம் சுமார் 2.34 மீட்டர், உயர வகையில் உயரம் சுமார் 2.58, சாதாரண வகையில் 2.28. எஃப்-150 கண்ணாடிகளை மடித்தால் நுழையும். பின்னால் இரட்டைச் சக்கரம் கொண்ட வண்டி நுழையாது.

1. வண்டியின் மூல டைட்டிலைக் கையில் வாங்குங்கள். கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவரின் ஏற்றுமதி அனுமதிக் கடிதம் வேண்டும்.
2. அமெரிக்கச் சுங்கத்திடம் ஆவணங்கள் ஏற்றுமதிக்குக் குறைந்தது 72 மணி நேரத்துக்கு முன் போய்ச் சேர வேண்டும். அனுப்பும் ஏஜென்ட் செய்வார், தேதியை நீங்கள் பின்தொடருங்கள்.
3. அடிப்பாகத்தில் சேறு இல்லாமல் கழுவுங்கள். பெட்ரோல் டேங்கில் கால் பங்குக்கு மேல் வேண்டாம்.
4. ரோ-ரோவில் உள்ளே சாமான் வைக்க அனுமதி உண்டா என்று ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பாகங்களைத் தனிப் பெட்டியில் வீட்டுச் சாமான்களோடு அனுப்புவதே பாதுகாப்பு.
5. ஒப்படைக்கும் நாளில் நான்கு பக்கமும், அடிப்பாகமும், மீட்டர் எண்ணும் படமெடுங்கள்.

காப்பீட்டுக் கம்பெனியிடமிருந்து விபத்தில்லா ஆண்டுகளைக் குறிப்பிடும் கடிதம் வாங்காமல் அமெரிக்காவை விட்டுக் கிளம்பாதீர்கள். ஜெர்மனியில் எல்லாக் கம்பெனியும் அதை ஏற்காது. ஏற்கும் கம்பெனியில் ஆண்டுக் கட்டணம் நன்றாகக் குறையும்.

துறைமுகத்திலிருந்து நம்பர் பிளேட் வரை

இங்கே வரிசை மாறினால் ஒவ்வொரு அலுவலகமும் அடுத்ததன் காகிதத்தைக் கேட்டுத் திருப்பி அனுப்பும்.

1. முதலில் உங்கள் முகவரியைப் பதிவு செய்யுங்கள். அந்தச் சான்றில்லாமல் எதுவும் நகராது.
2. குடிபெயர்வுப் பொருளுக்கான 0350 எண் படிவத்தோடு சுங்கத்தில் வண்டியை விடுவித்து, சுங்க ஆட்சேபனையின்மைச் சான்றைப் பெறுங்கள். வண்டி பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் இறங்கினால், அதை இடைவழிச் சுங்கக் காகிதத்தில் ஜெர்மன் சுங்கம் வரை கொண்டுவரச் சொல்லுங்கள். குடியேறும் நாட்டில் சலுகை கேட்பது எளிது.
3. துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு ஓட்டாதீர்கள். அமெரிக்கக் காப்பீடு இங்கே செல்லாது. தாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.
4. முன்பே பேசிவைத்த பொறியாளரிடம் முழு ஆய்வும் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பாதுகாப்பு ஆய்வும் ஒன்றாகச் செய்யுங்கள்.
5. பின்பக்க நம்பர் பிளேட் இடம் அமெரிக்க அளவான 12க்கு 6 அங்குலமாக இருக்கும். ஐரோப்பிய நீளத் தட்டு 52 சென்டிமீட்டர். சிறிய தட்டுதான் பொருந்தும் என்று பொறியாளர் அறிக்கையில் எழுதித் தரக் கேளுங்கள். பதிவு அலுவலகத்தில் போய்க் கேட்டால் மறுத்துவிடுவார்கள்.
6. காப்பீட்டு உறுதி எண், வங்கிக் கணக்கு எண், அறிக்கைகள், மூல டைட்டில் ஆகியவற்றோடு பதிவு அலுவலகம் செல்லுங்கள். டைட்டிலைத் திருப்பித் தரமாட்டார்கள் என்று எண்ணி நகல் எடுத்து வையுங்கள்.

உங்கள் அமெரிக்க ஓட்டுநர் உரிமம் குடியேறிய ஆறு மாதம்வரைதான் செல்லும். மாற்றும் விதி நீங்கள் இருந்த மாநிலத்தைப் பொறுத்தது: சில மாநிலத்தாருக்குத் தேர்வே இல்லை, சிலருக்கு எழுத்துத் தேர்வு, மற்றவர்களுக்கு இரண்டும். வண்டி வேலையில் மூழ்கி இதை விட்டுவிட்டால், பதிவான பிக்கப் வாசலில் நிற்க நீங்கள் பஸ்ஸில் போக வேண்டிவரும்.

ஓட்டத் தொடங்கியபின்

பெட்ரோல் பங்கில் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். இரு நாடுகளின் ஆக்டேன் கணக்கு வேறு. அமெரிக்க 87 இங்கே ஏறக்குறைய 91–92, ஆகவே 87 கேட்கும் எஞ்சினுக்கு இங்குள்ள 95 தாராளம்.

குளிர்காலத்தில் பனியோ உறைபனியோ உள்ள சாலையில் ஓட்ட மலையும் பனிச்செதிலும் பொறித்த டயர் வேண்டும். 'எம்+எஸ்' என்று மட்டும் எழுதிய டயர்கள் 2024 அக்டோபர் முதல் அதற்குப் போதாது. சேற்றுக்கான பெரிய பற்கள் கொண்ட டயரில் பெரும்பாலும் அந்தக் குறி இருக்காது.

அகலத்தை மனப்பாடம் செய்யுங்கள். ஓட்டுநர் முன் தெரியும்படி ஒரு சிறு சீட்டில் எழுதி ஒட்டினாலும் நல்லது. எஃப்-150 கண்ணாடிகளோடு சுமார் 2.43 மீட்டர். அவுட்டோபானில் சாலைப் பணி நடக்கும் இடங்களில் இடது தடத்துக்கு 2 அல்லது 2.1 மீட்டர் என்று பலகை வைப்பார்கள். அந்த எண் கண்ணாடிகளையும் சேர்த்தது. பணி தொடங்கும் பலகையைக் கண்டதுமே வலது தடத்துக்கு வந்துவிடுங்கள். தடுப்புச்சுவர் தொடங்கியபின் திரும்ப இடமிருக்காது. நகரத்தில் பழைய மாடிப் பார்க்கிங்குகளின் இடம் 5 மீட்டர் நீளம். இரட்டை கேபின் பிக்கப் 5.9 மீட்டருக்கு அருகே வரும். வீடு பார்க்கும்போதே வாசலில் நாடாவைப் பிடித்துப் பாருங்கள்.